வரப்பில் நிற்கும் பனை 5

மனுவை நான்தான் எழுதினேன்.

ஊரில் அக்கா வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். அப்பா விட்டுப்போன சின்ன மனை. அதன் வடக்கு வரப்பில் ஐந்து பனைகள். கிழக்கிலிருந்து இரண்டாவது பனை, தெருவிலிருந்து வாசலுக்கு வரும் வழியின் நட்டநடுவில் நின்றது. அம்மாவுக்கு நடை போய்ப் பல மாதமாகிறது. ஆட்டோ வாசல்வரை வந்தால்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும். தெற்கே அடுத்தவர் சுவர், மேற்கே கிணறு. கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு போனாத்தான் வண்டி வரும்" என்றார். பனையை இப்போது நினைத்தவுடன் வெட்ட முடியாது, கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

சர்வே எண் எழுதினேன், உட்பிரிவு எழுதினேன், பட்டா எண் எழுதினேன். மரத்தின் வகை: பனை. எண்ணிக்கை: 1. காரணம் என்று எழுதி இரு புள்ளி வைத்ததும் பேனா நின்றுவிட்டது. வண்டி வர வழியில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த மரம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போல ஒரு கூச்சம். அப்பா பிறப்பதற்கு முன்பே அங்கே நின்றது அது. அதன் நுங்கைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டால் அது விழும் என்றான பிறகு, காரணம் என்ற சொல்லுக்கு எதிரே எதை எழுதினாலும் சிறுத்துத் தெரிந்தது. கடைசியில் 'வீட்டிற்கு வழி அமைக்க' என்று எழுதினேன். மூன்று சொல்.

மனு கொடுத்தது சித்திரையில். மரம் விழுந்தது ஐப்பசியில். இடையில் கிடந்த ஆறு மாதம் எனக்குள் நிறைய வேலை செய்தது. மரத்தை வெட்ட அனுமதி கேட்பதை ஓர் அலுவலகச் சடங்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

*

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வேளாண்மைக்கென்று முதன்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை வைத்தது. அதில்தான் வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தார். 30 மாவட்டங்களில் 76 இலட்சம் பனை விதைகளும் 1 இலட்சம் கன்றுகளும் கொடுப்பதாகச் சொன்ன அந்த அறிவிப்பிலேயே, தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்ற விதியும் வந்தது.

அதற்கு முன்பு பட்டா நிலத்துப் பனைக்குக் கேட்பார் இல்லை. பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோம். படித்துவிட்டு வெளியே வந்தால் செங்கல் சூளைக்குப் போகும் லாரியில் அந்த மாநில மரம் துண்டுதுண்டாகக் கிடக்கும். சூளைக்குப் பனை தோதானது. விலை மலிவு, நின்று எரியும். ஏறுவதற்கு ஆளில்லாத பனை நிலத்துக்காரருக்குப் பாரமாகத் தெரிந்தது. சில நூறு ரூபாய்க்கு ஒரு மரம் என்று பேசி முடித்து, ஒரே நாளில் ஒரு விளையைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் பனந்தோப்பை விளை என்போம். விளை என்ற பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் மிஞ்சி, மரம் ஒன்றுகூட இல்லாத ஊர்கள் இன்றைக்கு உண்டு.

எத்தனையோ மரங்கள் இருக்கப் பனைக்கு ஏன் தனி விதி என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விடை அந்த மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. வேம்பை வெட்டினால் தூரிலிருந்து தளிர்க்கும். புளியைக் கவாத்து செய்தால் இன்னும் அடர்ந்து வரும். பனைக்கு உயிர் ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில் இருக்கிறது. அந்தக் குருத்து போனால் மரம் போயிற்று. தூரிலிருந்து இன்னொன்று எழாது, கிளையை ஒடித்து நட்டு வளர்க்கவும் முடியாது. கொட்டை போட்டால் முதலில் மண்ணுக்குள் இறங்கும். கிழங்காகி, கிழங்கிலிருந்து ஓலை விட்டு, வடலியாகப் பல வருடம் தரையோடு தரையாக நிற்கும். பாளை விட 12, 15 வருடமாகும். வறண்ட மண்ணில் இன்னும் கூடுதலாகும். அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாது. பிள்ளை பிறந்த அன்று கொட்டையை ஊன்றினால், அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும்போதுதான் மரம் தன்னைப் பற்றி முதல் செய்தி சொல்லும்.

இப்படி மெதுவாக வளர்கிறதை வாளால் அறுக்க அரை மணி நேரம் போதும். இந்த இரண்டு கால அளவுகளுக்கும் நடுவே யாராவது ஒருவர் கைநீட்டி 'நில்லு' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி என்ற ஏற்பாட்டின் முதல் பயன் அதுதான்.

*

பனையைப் பற்றிச் சட்டம் பேசியது 2021-இல்தானா என்றால், இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே பேசியிருக்கிறது. ஊர்களைத் தானமாகக் கொடுத்த சோழர் காலச் செப்பேடுகள் சிலவற்றில் ஒரு நிபந்தனை வரும். அந்த ஊரின் தெங்கிலும் பனையிலும் மரமேறும் குடிகள் ஏறக்கூடாது என்பது அது. கள் இறக்குவதன் மேல் ஈழம்பூட்சி என்றொரு வரியும் இருந்தது. பிற்காலத்தில் மரத்துக்கு இவ்வளவு என்று மரவரி வந்தது. 1937-இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. கடைசியாக 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவது முற்றிலும் தடையானது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. இவ்வளவு காலமும் சட்டத்தின் கண் பனையில் ஏறுகிறவர் மேல்தான் இருந்திருக்கிறது. ஏற உனக்கு உரிமை உண்டா, வரி கட்டினாயா, கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறாயா, இறக்கியது பதநீரா கள்ளா என்று கேட்டது. ஏறியவரை நிறுத்தி விசாரித்தது. வெட்டியவரை ஒன்றும் கேட்கவில்லை. பாளை சீவும் அரிவாளைச் சோதித்த அதே ஊரில் கோடாலி எந்தத் தாளும் இல்லாமல் நடமாடியது. மரத்தோடு வாழ்ந்தவருக்கு ஆயிரம் வருடக் கேள்வி. மரத்தை முடித்தவருக்கு 2021 வரை ஒரு கேள்வியும் கிடையாது.

இலங்கையில் இந்தக் கேள்வி முன்னதாகவே எழுந்துவிட்டது. 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கே உண்டு. பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றும் பஞ்ச காலத்தில் சோறு போடுகிற மரங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் இருப்பு வைக்கிற பழக்கத்தை அறிந்தவர்களுக்கு, பெண் பனை என்று பிரித்துச் சொன்ன அந்த ஒரு சொல்லின் அருமை புரியும். அந்தச் சட்டம் மரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறது.

*

எங்கள் மரத்தைப் பார்க்க வி.ஏ.ஓ. ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பக்கத்து ஊர்தான். தூரில் டேப் சுற்றி அளவெடுத்தார். நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். மரத்துக்கு எத்தனை வயது என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் இப்போதும் பனையேறுகிறவர் ஒரே ஒருவர்தான். அறுபதைத் தாண்டியவர். அவரை அழைத்து வந்திருந்தேன். "வயசு எப்படி அண்ணாச்சி பாக்கது?" என்றேன். அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "தேக்குன்னா அறுத்து வட்டத்த எண்ணிச் சொல்லலாம் தம்பி. இதுல வட்டம் கெடையாதுல்லா" என்றார். "எங்க ஐயா ஏறுன மரம். அவுகளுக்கு முன்ன யாரு ஏறுனாவளோ."

அவர் சொன்னது சரி. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளியே வைரம், உள்ளே சோறு. வருடத்தைத் தனக்குள் எழுதி வைக்காத மரம் அது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று ஒரு மரத்தின் மதிப்பை அதன் வயதை வைத்துக் கணக்கிடலாம் என்றது. ஒரு வயதுக்கு 74,500 ரூபாய். மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கு அது. மரம் கொடுக்கிற பிராணவாயு, உரம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. விறகு விலைக்கு மேல் மரத்துக்கு ஒரு விலை உண்டு என்று நீதிமன்றத்தின் முன் ஒலித்ததே பெரிய காரியம். ஆனால் வயதே தெரியாத எங்கள் பனையை அந்தக் கணக்கில் எப்படி வைப்பது? அண்ணாச்சியின் ஐயா ஏறினார் என்பதுதான் அதன் வயது. எத்தனை தலைமுறை ஏறியது என்றுதான் பனையின் வயதை அளக்க முடியும். ஏறுவது நின்றுபோனால் மரம் தன் வயதையும் இழந்துவிடுகிறது.

அண்ணாச்சி பேசிக்கொண்டே இடுப்பில் துண்டை இறுக்கினார். காலில் தளைநாரை மாட்டினார். மரத்தை இரண்டு கையாலும் தொட்டு அந்தக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். மார்பை மரத்தில் படுத்தி, காலை உந்தி, கையை மேலே போட்டு, மறுபடி காலை உந்தி உச்சிக்குப் போய்விட்டார். வி.ஏ.ஓ. கையில் டேப்போடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து ஒரு காவோலை விழுந்தது. பிறகு அவர் இறங்கி வந்து, விழுந்த ஓலையைப் புரட்டிக் காட்டினார்.

ஓலையின் அடிப்பக்கம், விசிறியின் மடிப்புக்குள், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு சின்னக் கிண்ணம் ஒட்டியிருந்தது. இறகும் பஞ்சும் சேர்த்துச் செய்தது. தொட்டால் மேலே பொசுபொசுவென்று இருந்தது. ஓலையோடு பிடித்திருந்த விளிம்பு காய்ந்த கோந்து போலக் கெட்டியாக இருந்தது. பனை உழவாரனின் கூடு. அந்தக் குருவி தன் எச்சிலையே பசையாக வைத்து ஓலையில் கூட்டை ஒட்டும். பிழைப்பெல்லாம் காற்றில் பறந்தபடியே பூச்சி பிடிப்பதுதான். அந்தி நேரத்தில் பனைகளுக்கு மேலே அரிவாள் வீசியது போலச் சுற்றுகிற கரும்புள்ளிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றில் ஆடிச் சலசலக்கிற ஓலைக்கு அடியில், எச்சில் ஒட்டிய ஒரு விளிம்பை நம்பி அதன் குடும்பம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"இது பழய கூடு. மேல புதுசு ரெண்டு இருக்கு" என்றார் அண்ணாச்சி. வி.ஏ.ஓ. கூட்டை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று இடம் போக வேண்டியிருந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது, "இது ஆண் பனையா, பெண் பனையா?" என்று கேட்டார். பெண் பனை என்றோம். அவர் கையிலிருந்த தாளில் அதற்கென்று கட்டம் இல்லை. ஓரத்து வெற்றிடத்தில் 'பெண் பனை, காய்ப்பில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஓரத்து எழுத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அனுமதி என்ற ஏற்பாடு உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் அந்த இடத்தில்தான். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு முத்திரை குத்தலாம். மரம் அதே போல விழும். இங்கே ஒருவர் வெயிலில் வந்து, மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து, கேள்வி கேட்டார். மரத்தை வெட்டக் கேட்பவர், கொடுப்பவர், ஏறுகிறவர் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே தூரில் நின்றோம். சட்டம் எங்களுக்குக் கொடுத்ததில் மிக நல்லது அந்த அரை மணி நேரம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

*

அன்று மாலை அக்கா பழைய தகரப் பெட்டியிலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்தாள். தாத்தாவும் அவருடைய தம்பியும் பிரித்துக்கொண்டது. நான்கு எல்லை சொல்லி முடித்த பிறகு, 'வடபுறம் வரப்பில் நிற்கும் பனை 5-உம்' என்று ஒரு தொடர். கிணற்றுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பனையின் நிலம் தாத்தாவுக்கு. அந்த மரங்களின் அனுபோகம் மட்டும் தம்பிக்கு. நிலம் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு. தென்மாவட்டத்துப் பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வருவாய்த் துறையிலும் 2 சி பட்டா என்று ஒன்று உண்டு. நிலம் அரசுப் புறம்போக்கு; அதில் நிற்கும் மரத்தை அனுபவிக்கும் உரிமை மட்டும் ஒருவருக்கு.

'என் நிலம், என் மரம், வெட்ட எதற்கு ஒருவரிடம் கேட்க வேண்டும்?' என்ற குரல் இப்போது உரக்கக் கேட்கிறது. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு நடையாய் நடந்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் மரம் முழுக்க முழுக்க ஒருவருடையது என்பதே நம் ஊரில் அண்மைக்கால எண்ணம். பனையின் பதநீர் ஏறியவருக்கும் உடையவருக்குமாகப் பங்கு. விழுந்த பழம் எடுத்தவர்களுக்கு. பன்னாடையும் காய்ந்த மட்டையும் விறகில்லாத கிழவிக்கு. ஓலை வேலி அடைப்பவருக்கும் பெட்டி முடைபவருக்கும். கூடு குருவிக்கு. இவர்கள் எல்லோருடைய பங்கும் பத்திரத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். பத்திரத்தில் ஏறாத பங்காளிகளுக்காக யாராவது ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பொறுப்பை இன்றைக்கு ஆட்சியர் அலுவலகத்திடம் கொடுத்திருக்கிறோம்.

முன்பு அந்தப் பொறுப்பு வெட்டுகிறவரிடமே இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், சிலை செய்ய மரம் வெட்டப் போகிறவர் முதல்நாள் இரவே மரத்துக்குப் பூசை போட வேண்டும் என்று வருகிறது. அந்த மரத்தில் குடியிருக்கும் உயிர்கள் படையலை ஏற்றுக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்வார். எங்கள் ஊரிலும் வீட்டு வேலைக்கு மரம் வெட்டுமுன் ஆசாரி வெற்றிலை பாக்கு வைத்துத் தூரில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மரம் பதில் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டு வெட்டுகிறவனின் கைக்கும் கேட்காமல் வெட்டுகிறவனின் கைக்கும் வித்தியாசம் உண்டு என்பதும் அவருக்குத் தெரியும்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, அனுமதிச் சீட்டால் முடியாததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சந்தனத்தின் கதை நமக்குத் தெரியும். திப்பு சுல்தான் காலத்தில் மைசூரில் சந்தனம் அரசருக்கு உரிய மரமாக அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த ஆட்சிகளும் அதே வழியில் நடந்தன. தன் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனம்கூட விவசாயிக்குச் சொந்தமில்லை என்ற நிலை நெடுநாள் இருந்தது. மரம் திருடுபோனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. விளைவு என்ன? வரப்பில் சந்தனக் கன்று தலைகாட்டினால் களையோடு சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். பாதுகாப்பே கன்றுக்கு எமனானது. தமிழ்நாட்டில் 2002-இல் சட்டத்தைத் திருத்தி நில உரிமையாளருக்கே மரத்தை உரிமையாக்கினார்கள். அதன் பிறகுதான் சந்தனம் நடுவதைப் பற்றி விவசாயிகள் யோசிக்கவே தொடங்கினார்கள்.

பனைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்று ஒருவர் அறிந்துகொண்டால், வடலியாக இருக்கும்போதே மண்வெட்டியால் கிளறி எறிந்துவிடுவார். வடலியை யாரும் எண்ணுவதில்லை. ஆகவே காக்கிற சட்டம் நடுகிறவரை மிரட்டாமல் இருக்க வேண்டும். உண்மையான தேவையோடு வருகிறவருக்குத் தாமதமில்லாமல் பதில் கிடைக்க வேண்டும். சூளைக்காக நூறு மரம் கேட்பவரும், தாயைத் தூக்கிப்போக ஒரு மரம் கேட்பவரும் ஒரே வரிசையில் நிற்கலாகாது.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. வெட்டாமல் விட்டால் மட்டும் பனை பிழைக்காது. தமிழ்நாட்டில் 5 கோடிப் பனை என்பது நெடுநாளாகச் சொல்லப்படுகிற கணக்கு. 2018-இல் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்தபோது, பக்கத்து வரப்புகளில் பனைகள் பெரும்பாலும் நின்றன. புயல் சாய்க்காததைச் சாய்த்தது எது? ஏறுகிறவர் இறங்கிப் போனதுதான். காலையும் மாலையும் ஏறி இறங்குகிற உடம்புக்கு ஏற்ற கூலி இல்லை. விழுந்தால் கேட்க நாதியில்லை. பெண் கொடுக்கத் தயங்கினார்கள். எதை இறக்கினாலும் சந்தேகப்பட்டார்கள். மகன்கள் மளிகைக் கடைக்கும் துபாய்க்கும் போனார்கள். ஏற ஆளில்லாத மரம் வெறும் தூணாகத் தெரிய ஆரம்பித்தது. தூணுக்கு விலை பேசச் சூளைக்காரர் வந்தார். 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் கருப்பட்டிக்குப் பெயர் நிலைத்து, கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியில் அடுப்பு எரியாவிட்டால் அந்தப் பெயரால் யாருக்கு என்ன?

வெட்டுவதற்கு அனுமதி கேட்க வைத்தது நல்ல சட்டம். அதன் மறுபாதியாக, ஏறுகிறவரைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பதை நாம் விட வேண்டும். பதநீருக்கு நியாயமான விலை, விழுந்தவருக்கு இழப்பீடு, வயதானவருக்கு ஓய்வூதியம், ஏறுகிற தொழிலுக்கு மரியாதை இவையும் பனைப் பாதுகாப்புச் சட்டங்கள்தான். ஒரு பனையின் தூரில் 'வெட்டாதே' என்று எழுதி வைப்பதைக் காட்டிலும் அதன் மார்பில் ஒரு மனிதரின் கால்தடம் இருப்பது பெரிய காவல்.

*

ஆவணியில் உத்தரவு வந்தது. ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்துப் பனை நட வேண்டும் என்பது நிபந்தனை. ஆட்டோ வருவதற்கான வழி தாளில் திறந்துவிட்டது. மறுநாளே வாள் வைத்திருக்கலாம், சட்டப்படி தடையில்லை. அண்ணாச்சிதான் விடவில்லை. "குஞ்சு இருக்கு தம்பி. பறக்கட்டும்" என்றார். உத்தரவில் குருவி இல்லை. ஆனால் ஆனி மாதத்தில் அந்தக் கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் நாங்கள். பார்த்த பிறகு பார்க்காதது போல இருக்க முடியவில்லை. அம்மாவிடம் சொன்னோம். "இத்தன மாசம் இருந்துட்டேன், இன்னும் ரெண்டு மாசம் இருக்க மாட்டனா" என்றாள். அதுவரை அவளை நாற்காலியோடு தூக்கித் தெருவுக்குக் கொண்டுபோனோம்.

புரட்டாசியில் கடைசிப் பழங்கள் விழுந்தன. விடியற்காலையில் பொத்தென்று விழும் சத்தம் கேட்கும். அக்கா டார்ச்சோடு போய்ப் பொறுக்கி வருவாள். சுட்டுத் தின்றோம். கொட்டைகளைத் தனியே எடுத்து வைத்தோம்.

ஐப்பசியில் முதல் மழைக்கு முன் ஒரு காலையில் அண்ணாச்சி கடைசியாக ஏறினார். கூடுகள் காலியாக இருந்தன. ஓலைகளை ஒவ்வொன்றாகக் கழித்து இறக்கினார். இறங்கியதும் மரத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார், ஏறும்போது செய்ததைப் போலவே. பிறகு வடம் கட்டி, வரப்புப் பக்கமாகச் சாய்த்தார்கள். மண் ஒருமுறை அதிர்ந்தது. குருத்தை வெட்டித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வைரம் பாய்ந்த மரம். அக்கா அதைச் சூளைக்குக் கொடுக்கவில்லை. பிளந்து கைமரமாக்கி மாட்டுத் தொழுவத்துக்குக் கூரை போட்டாள். மரத்தை வெட்டியது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சும்மா வெட்டிவிடவில்லை என்பதில் ஒரு நிம்மதி உண்டு. நிம்மதியோடு துக்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் சரி என்று படுகிறது.

கிணற்று மேட்டில் ஒன்றுக்கொன்று பத்தடி விட்டுப் பத்துக் கொட்டைகளை அம்மாவின் கண் முன்னே ஊன்றினோம். அண்ணாச்சி தன் பேரனையும் கூட்டி வந்திருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். "இது காய்க்கும்போது யாரு தாத்தா ஏறுவா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லப் பதில் இருக்கிற நாளில்தான் அந்த உத்தரவு முழுதாக நிறைவேறும்.

அன்றிரவு அக்கா ஆட்சியரின் உத்தரவைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தாள். வைக்குமுன் உத்தரவின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: 'வடபுறம் வரப்பில் நிற்கும் பனை 4. கிணற்று மேட்டில் ஊன்றிய கொட்டை 10.' கீழே தேதி போட்டு, கையெழுத்திட்டு, பெட்டியை மூடினாள்.